அண்ணாச்சியைக் கடலில் விட்ட காலை

"பாய், இஞ்சின் பந்த் கரோ" என்றார் வர்கீஸ். படகுக்காரர் ரஃபீக் சாவியைத் திருப்பினார். கலாஸ், முடிந்தது. கடைசியாக ஒரு தடவை இருமிவிட்டு இஞ்சின் அடங்கியது.

புஜைராவின் மலைகள் பின்னால் வெள்ளை ஆவியில் பாதி கரைந்து கிடந்தன. முன்னால் நங்கூரம் போட்ட எண்ணெய்க் கப்பல்கள் இருபது முப்பது இருக்கும். ஒன்றுகூட தண்ணீரைத் தொட்ட மாதிரி தெரியவில்லை. எல்லாமே அந்தரத்தில் நின்றன. காலை எட்டு மணி. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத ஒரு வெளிச்சம்.

படகில் மொத்தம் ஏழு பேர். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது இந்த நாட்டில் வேறு வேறு கம்பெனிகளில் பிழைக்கிற நாங்கள் ஐந்து பேர். ஆறாவது ரஃபீக் பாய். ஏழாவது, அண்ணாச்சியின் மனைவி செண்பகம் மதினி.

நாங்கள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தோம். அதைப் பார்த்து மதினியும் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் உட்காருகிற மாதிரி காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

ஷூவைக் கழற்றுகிற காரணம்

எங்கள் கப்பலின் சமையல்காரரைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்களுக்கு ஜன்னலே கிடையாதா?" கிடையாது அம்மணி. தண்ணீருக்கு அடியில் ஜன்னல் வைத்து எதைப் பார்க்க? எங்களுக்கு இருந்தது காது மட்டும்தான்.

மேலே யாராவது நம்மைத் தேடினால் கப்பல் முழுக்க ஊமையாகிவிடும். ஷூ கிடையாது, வெறுங்கால். கரண்டியைத் துணியில் சுற்றி வைப்பார்கள். கக்கூஸில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு இருப்பதை என் மனைவி ராஜம் இன்றுவரை நம்பவில்லை.

அந்தச் சமயத்தில் பேச அனுமதி ஒரே ஒருவனுக்கு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்கிற சோனார்க்காரனுக்கு. அது நான்தான். கூட்டாளிகள் எனக்கு வைத்த பெயரே 'காது'.

கடல் அமைதியானது என்று எழுதுகிறவர்களை ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அங்கே இறால் கூட்டம் கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும். திமிங்கிலம் எங்கோ தூரத்தில் கதவு திறக்கிற மாதிரி முனகும். மழை பெய்தால் அது மேலிருந்து வராது, எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். கண்ணை மூடிக் கேட்டால் நாம் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. எத்தனையோ இரவுகளை அப்படி பாதித் தூக்கத்தில் மிதந்து கழித்திருக்கிறேன்.

இப்போது ஷார்ஜாவில் கப்பல் கருவிகள் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே ரோலா பகுதியில் எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டு ஏசி முதலில் சாகும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். "ஊரு உலகத்து ஏசியெல்லாம் கேக்குது, நான் கூப்புட்டா மட்டும் கேக்காது" என்பாள் ராஜம்.

வர்கீஸின் சட்டம்

வருடத்துக்கு ஒருமுறை, வெயில் இறங்கிய மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் படகில் போவதை ஆரம்பித்தவர் வர்கீஸ். கோட்டயத்துக்காரர். டார்ப்பிடோ அறையில் இருந்தவர். இப்போது புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அனுமதிச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் வாயை மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். அதையும் மூடச் சொல்லிவிடுவார்.

துபாயிலேயே செய்யலாமே என்று ஒருவன் கேட்டான். "எடோ, அது உள் கடல். இதுதான் நம்ம ஊர்க் கடலோட சேர்ந்த வெள்ளம். இங்கேருந்து ஒரு பாட்டில் போட்டா எங்க வேணும்னாலும் போகும்" என்றார் வர்கீஸ்.

மூழ்கிப்போய்த் திரும்பி வராத கப்பல்களுக்காக இதைச் செய்கிறோம். எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதில்லை. நமக்கு எதிரில் நின்றவர்களாக இருந்தாலும் சரி. கீழே போய் வராதவன் எல்லாம் நம்மாள். இது வர்கீஸின் சட்டம், மறுபேச்சு கிடையாது.

மாலை கிடையாது, பேச்சு கிடையாது. மூழ்குவதற்கு முன்னால் கேப்டன் ஒவ்வொரு பகுதியாகக் கூப்பிடுவார். முன்பகுதியிலிருந்து பின்பகுதி வரை ஏழு. அந்தந்தப் பகுதிக்காரன் "தயார்" என்று பதில் சொல்ல வேண்டும். வர்கீஸ் அதே வரிசையில் ஏழையும் கூப்பிடுவார். நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருப்போம், அடுத்ததைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் எங்கள் திவசம்.

ரோலாவிலிருந்து புஜைராவுக்கு

மதினியின் மகள் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்த மதினி, ராஜத்தோடு போனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க வருசா வருசம் கடலுக்குப் போறியளாமே. ஒங்க வீட்டுக்காரி சொன்னா. நானும் வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மகளுக்கு அன்றைக்கு டூட்டி. விடியும்போது ரோலாவில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். மலைச் சாலை முழுக்க அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். மலையைப் பார்த்து, "என்ன தம்பி, ஒரு புல்லுகூட இல்ல" என்றார். சுரங்கப்பாதைக்குள் போனபோது கண்ணை மூடிக்கொண்டார்.

புஜைரா நெருங்கும்போது சொன்னார்: "ஒங்ககிட்ட ஒரே ஒரு விசயம் கேக்கணும். இப்ப வேண்டாம். கடலுக்குப் போயி கேக்கேன்."

அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடங்களாக அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் அந்த வீட்டுப் பக்கம் இரண்டாவது தடவை போகாமல் இருந்தேன்.

அண்ணாச்சி ஏறிய கடைசி ஏணி

மதினியின் கணவர் சுப்பையா அண்ணாச்சி. டார்ப்பிடோ அறையின் மூத்தவர். நான் பாளையங்கோட்டை, அவர் தூத்துக்குடிப் பக்கம். கப்பலில் எங்கள் பாஷை பேச எனக்கு இருந்த ஒரே ஆள். ஊமை நேரங்களில் ஒரு பனங்கற்கண்டைக் கையில் திணித்துவிட்டுப் போவார். பேச முடியாத இடத்தில் அதுதான் அவர் பேச்சு.

ஒரு நீண்ட பயணத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பத்து நாலு வயது. என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை.

நாங்கள் எங்கே இருந்தோம் என்பதை அன்றைக்கும் சொல்லக் கூடாது, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கரைக்குத் திரும்ப வாரக்கணக்கில் இருந்தது. கடலிலேயே விடுவது என்று முடிவானது. எங்கள் பிரிவில் அப்படி ஒரு அடக்கம் அதற்கு முன்னால் நடந்ததாக அங்கே இருந்த மூத்தவர்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. பிற்பாடு புதுப் பையன்களுக்குப் பயிற்சியில் அந்தக் காலையைப் பாடமாகவே சொன்னார்கள். முழுமரியாதையோடு நடந்தது என்று சொன்னார்கள்.

வர்கீஸ்தான் கான்வாஸைத் தைத்தார். எடைக்கு உள்ளே சங்கிலித் துண்டுகள். நீர்மூழ்கியில் கதவு மேலேதான், கிணறு மாதிரி நேர் ஏணி. படுக்க வைத்துத் தூக்க வழியே இல்லை. அண்ணாச்சியை நிற்க வைத்துத்தான் ஏற்றினார்கள். கீழே நாலு பேர், மேலே ரெண்டு பேர். நான் ஒரு நிமிடம் ஓடிப்போய் ஏணியடியில் அவர் காலைத் தொட்டுவிட்டு, என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

விடிகிற நேரம். மேலே துணை அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். வாசித்து முடிந்ததும் விசில் ஊதி, மெல்ல இறக்க வேண்டும். பத்து நிமிடக் காரியம்.

அப்போது என் காதில் ஒரு சத்தம் விழுந்தது.

போர்க்கப்பலின் அடியில் சுழல்கிற மாதிரி இரண்டு விசிறி, வேகமாக, நம்மை நோக்கி. எனக்கு இருபத்து நாலு வயது. இன்னும் மூன்று நிமிடம் பொறுத்து, விசிறி சுற்றுகிற துடிப்பை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பழுத்த சோனார்க்காரன் அதைத்தான் செய்வான். நான் கத்தினேன்: "போர்க்கப்பல்!"

மேலே வாசித்தவர் இரண்டாவது வரியோடு நிறுத்தினார். விசில் ஊதவில்லை. இறக்கினார்கள், கதவை மூடினார்கள், மூழ்கினோம்.

அந்த நேரத்தில் நான் கேட்க வேண்டியது அந்தக் கப்பலை. நான் கேட்டது அண்ணாச்சியின் சங்கிலியை. டாங்குகளில் தண்ணீர் நிறைகிற இரைச்சலுக்கு நடுவில், கிணுங் கிணுங் என்று அது கீழே போய்க்கொண்டிருந்தது. அது மறைகிற வரைக்கும் நான் வேறு பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு திரும்பி, அந்தச் சத்தத்தை ஒழுங்காக எண்ணிப் பார்த்தேன்.

ஒரே ஒரு பழைய இஞ்சின். அதன் சத்தமே கடலடியில் பட்டுத் திரும்பி வந்து, ஒன்றை இரண்டாக்கிக் காட்டியிருந்தது. மீன் பிடிக்கிற ஒரு தோணி. டக் டக் டக் என்று எங்கள் தலைக்கு மேலே நிதானமாகப் போனது. உள்ளே இருந்தவர்கள் தேநீர்கூடப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

கேப்டனிடம் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதுகில் தட்டி, "சந்தேகம் வந்தால் சொல்வதுதான் உன் வேலை" என்றார். தோணி என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி ஆனது.

லீவில் ஊருக்குப் போனபோது அண்ணாச்சியின் தொப்பியும் பெல்ட்டும் இருந்த பெட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி தட்டில் முறுக்கு வைத்தார். "எல்லாம் முறைப்படி நடந்துச்சு மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"அவுக இல்ல"

இஞ்சின் அடங்கிய படகில் வர்கீஸ் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பகுதியைக் கூப்பிட்டார்: "டார்ப்பிடோ ரூம்!"

நாங்கள் தலையைக் குனிந்தோம். பதில் சொல்லக் கூடாது என்று மதினியிடம் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி வேலை பார்த்த இடத்தின் பெயர் அவருக்குத் தெரியும். வாசலில் வந்து யாரோ கேட்டதற்குச் சொல்கிற மாதிரி, மரியாதையாக, "அவுக இல்ல" என்றார்.

வர்கீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த பகுதியைக் கூப்பிட்டார். மீதி ஆறையும் எப்படிக் கூப்பிட்டு முடித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றாகி எல்லாமே எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது.

முடிந்ததும் மதினி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப கேக்கட்டுமா?"

"கேளுங்க மதினி."

"அன்னைக்கு எல்லாம் முறைப்படி நடந்துச்சுன்னு சொன்னியள்லா. சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல. தட்டுல இருந்த முறுக்கப் பாத்துச் சொன்னிய. முப்பது வருசமா அது எனக்குள்ள கெடந்து உறுத்துது. என்ன நடந்துச்சு?"

சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. இரண்டாவது வரி, ஊதாத விசில், நான் கத்தியது, தோணி. தோணி என்றதும் வர்கீஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"ஒரு மீன்புடித் தோணிக்காக அவுகள அள்ளிப் போட்டுட்டு ஓடியிருக்கிய" என்றார் மதினி.

"ஆமா மதினி."

"சேச்சி, அள்ளிப் போடல, நான் கை வெச்சு மெல்லத்தான்..." என்று வர்கீஸ் குறுக்கிட்டார்.

"நீங்க சும்மா இருங்க" என்று ஒரே அதட்டு. வர்கீஸ் உட்கார்ந்துவிட்டார். மதினியின் முகம் சிவந்திருந்தது. "செத்தது அவுக விதி. பயந்தது ஒங்க வயசு. அதுக்கெல்லாம் நான் கோவப்படல. என் வீட்டுல உக்காந்து, என் முறுக்கத் தின்னுட்டு, எங்கிட்டயே பொய் சொல்லிட்டுப் போனிய பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன்லா?"

எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்து சொச்சம் வயதில் நாலு பேருக்கு முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை. ரஃபீக் பாய் ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் படகின் மூக்குக்குப் போய்விட்டார். எங்கள் பேச்சு அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது.

படகு மெல்ல மிதந்து ஒரு கப்பலின் நீள நிழலைத் தொட்டது. மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்கிய குரலில் கேட்டார்.

"தண்ணில விட்டப்புறம் என்ன கேட்டுச்சு?"

சங்கிலியைப் பற்றிச் சொன்னேன். "எண்பது வரைக்கும் எண்ணுனேன் மதினி. அதுக்கப்புறம் கேக்கல. அதுவரைக்கும் அண்ணாச்சியோடதான் இருந்தேன்."

"எண்பதா?"

"எண்பது."

அவர் உதடுகள் அசைந்தன. மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறார் என்று புரிந்தது. படகின் அடியில் தண்ணீர் மட்டும் நக்கிக்கொண்டிருந்தது. எண்பது என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

எண்ணி முடித்தவர், சின்னதாகச் சிரித்தார். "அவுக எப்பவும் அப்படித்தான் தம்பி. லீவு முடிஞ்சி போகும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போனா, நின்னு கையாட்ட விடமாட்டாக. 'எதுக்கு வெயில்ல நிக்கே, வீட்டுக்குப் போ, போ'ம்பாக. பஸ்ஸு கெளம்புறத நான் ஒருநாள்கூட முழுசாப் பாத்ததில்ல."

டப்பாவைத் திறந்தார். பச்சரிசி. வாய்க்கரிசி போடத்தான் கொண்டு வந்திருக்கிறார். நாத்தனார்கள் எல்லாம் உடம்பே இல்லாமல் எப்படிப் போடுவது என்று அன்றைக்கு விட்டுவிட்டார்களாம்.

மூன்று தடவை அள்ளிக் கடலில் விட்டார். ரவை ரவையாக வெள்ளை கொஞ்ச தூரம் கீழே இறங்குவது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. டப்பாவை எங்கள் பக்கம் நீட்டினார். வர்கீஸ் போட்டார், மற்றவர்கள் போட்டார்கள். கடைசியாக என்னிடம் வந்தபோது ஒரு கணம் தயங்கி, அவரே அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் போட்டதும் வர்கீஸ் வழக்கம்போல, "மதி, போகாம். போதும், கிளம்பலாம்" என்று எழுந்தார். ரஃபீக் பாய் சாவியில் கை வைத்தார்.

"இருங்க" என்றார் மதினி. என்னைப் பார்த்தார். "தம்பி, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. யாரும் வாராகளா?"

கண்ணை மூடிக் கேட்டேன். கப்பல்களுக்குப் பின்னால் ஒரு இழுவைப் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. சத்தம் எங்கள் பக்கம்தான் திரும்பியது. இந்தத் தடவை அவசரப்படாமல் எண்ணிப் பார்த்தேன். வர இன்னும் வெகுநேரம் ஆகும்.

"இப்போதைக்கு யாரும் வரல மதினி" என்றேன்.

"அப்ப இன்னுங் கொஞ்சம் நிப்போம்" என்றார்.

நின்றோம்.